கேரவன் ஆனிங்குக்குள் மின்சாரம்: எந்த வழியாகக் கொண்டுபோவது?

வேல்ஸில் ஒரு முகாம்தளம். ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் இரவு முழுவதும் விடாத மழை. காலையில் முகம் கழுவக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சி இல்லை. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான கேரவனின் விளக்குகள் 12 வோல்ட் பேட்டரியில் எரிபவை என்பதால் இரவில் எப்போது 230 வோல்ட் மெயின்ஸ் மின்சாரம் போனது என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அலமாரிக்குள் இருந்த மின்பெட்டியைத் திறந்தேன். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிடியின் நெம்பு கீழே விழுந்து கிடந்தது. மேலே தள்ளினேன், உடனே மறுபடியும் விழுந்தது.

வெளியே போய் தளத்தின் மின்தூணிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, கேரவனை ஒட்டிய ஆனிங் கூடாரத்துக்குள் வந்தேன். ஜன்னல் இடுக்கு வழியாக நான் இழுத்து வந்திருந்த எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொட்டபோது கை நனைந்தது. கொடிக்கயிற்றில் மழைநீர் ஓடுவதுபோல, ஜன்னல் விளிம்பில் தேங்கிய நீர் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தரைவிரிப்பில் கிடந்த, சாக்கெட்டோடு கூடிய ஒயர்ச் சுருளான ரீலுக்குள் போயிருக்கிறது. ரீலில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கியபோது மூன்று துளைகளின் வாயிலும் நீர் நின்றது. முந்தைய மாலையில் என் மகள் வெறுங்காலோடு அந்த ரீலைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில் என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

ஆனிங் என்பது கேரவனின் வாசல் பக்கத்தில் சேர்த்துக் கட்டும் துணிக் கூடாரம். பிரிட்டனில் கேரவன் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அதுதான் கூடமும் சாப்பாட்டு அறையும். எங்களைப் போன்றவர்களுக்குச் சமையலறையும் அதுவே, தாளிக்கிற வாடை கேரவனின் மெத்தைகளில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. ஆகவே அங்கே விளக்கு வேண்டும், ரைஸ் குக்கருக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், குளிர்ந்தால் ஒரு ஹீட்டரும் வேண்டும் என்று ஆசை நீளும். அந்த மின்சாரத்தைக் கொண்டுபோக நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எந்தப் பெட்டி வாங்குவது என்பதைவிட, ஒயர் எந்த வழியாகப் போகிறது, பிளக்கும் சாக்கெட்டும் சேரும் மூட்டு எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே இதில் முக்கியம் என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கு

பிரிட்டனின் முகாம்தளங்களில் ஒவ்வோர் இடத்துக்கும் அருகே இடுப்புயரத்துக்கும் குறைவான ஒரு மின்தூண் இருக்கும். அதில் நீல நிறத்தில், மூன்று முனைகள் கொண்ட 16 ஆம்பியர் வெளிப்புறச் சாக்கெட். ஆனால் சாக்கெட் 16 ஆம்பியருக்கானது என்பதால் 16 ஆம்பியரும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பல தளங்களில் 10 ஆம்பியர்தான் தருகிறார்கள், சில பழைய தளங்களில் 6. மின்னழுத்தம் 230 வோல்ட். ஆக, 16 ஆம்பியர் என்றால் 3680 வாட், 10 என்றால் 2300, 6 என்றால் வெறும் 1380.

இந்த அளவு கேரவனுக்கும் ஆனிங்குக்கும் சேர்த்துத்தான். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இது மாறாது. எங்கள் கேரவனில் வெந்நீர்த் தொட்டியின் மின்சூடாக்கி 850 வாட், ஃபிரிட்ஜ் சுமார் 150, பேட்டரி சார்ஜர் இன்னொரு 150. நாங்கள் ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாலே 5 ஆம்பியர் போய்விடுகிறது. 10 ஆம்பியர் தளத்தில் மீதியிருப்பதும் 5 தான். ரைஸ் குக்கர் 700 வாட், அதாவது 3 ஆம்பியர். அது தாங்கும். கூடவே 1000 வாட் பயணக் கெட்டிலைப் போட்டால் மொத்தம் 12 ஆம்பியரைத் தாண்டிவிடும். வீட்டில் வைத்திருக்கும் 3000 வாட் கெட்டிலைக் கொண்டுவந்தால் அது ஒன்றே 13 ஆம்பியர் கேட்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எம்சிபி என்கிற மிகைச்சுமைத் துண்டிப்பான், அளவைக் கொஞ்சம் தாண்டியவுடன் விழுந்துவிடுவதில்லை. 10 ஆம்பியர் எம்சிபி வழியாக 12 ஆம்பியர் போனால் அது நெடுநேரம் தாங்கிக்கொண்டு நிற்கும். நேற்று இதே குக்கரும் கெட்டிலும் சேர்ந்து ஓடினவே, இன்று ஏன் போனது என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரமெல்லாம் பிளக்கின் முனைகளும் சுருட்டி வைத்த ஒயரும் சூடேறிக்கொண்டே இருக்கின்றன. சில தளங்களில் மின்தூணின் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள். இரவு பத்து மணிக்கு உள்ளே இருக்கும் எம்சிபி விழுந்தால், தளப் பொறுப்பாளரான வார்டனைத் தேடிப் போய்த்தான் அதைத் திரும்பப் போட வேண்டும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ஆனிங்குக்குள் எனக்கு உண்மையில் என்னென்ன வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை வாட்? எல்இடி விளக்குச் சரம் 10 வாட். இரண்டு கைப்பேசிச் சார்ஜர்கள் 40. சிறிய டிவி 40. குளிர்பெட்டி 50 அல்லது 60. மொத்தம் 150 வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. இவ்வளவுதான் தேவை என்றால் 230 வோல்ட்டை ஈரப் புல்தரைக்குக் கொண்டுபோகவே வேண்டியதில்லை.

மெயின்ஸ் இல்லாமலே ஒரு வழி

பலரும் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். நான் முதலில் வைக்கிறேன். கேரவனில் ஏற்கெனவே 12 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. வாசலுக்கு மேலே இருக்கும் ஆனிங் விளக்கு அதில்தான் எரிகிறது. எல்இடி சரத்துக்கும் கைப்பேசிக்கும் குளிர்பெட்டிக்கும் 12 வோல்ட் போதும். மின்தூணில் இணைத்திருக்கும்வரை கேரவனின் சார்ஜர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற கவலையும் இல்லை. 12 வோல்ட்டில் மின்னதிர்ச்சி அபாயம் மிகக் குறைவு. தீ அபாயம் இருக்கிறது. பேட்டரி ஒரு நொடியில் ஏராளமான மின்னோட்டத்தைத் தள்ளக்கூடியது, எனவே பேட்டரிப் பக்கத்தில் ஒயருக்கேற்ற ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

230 வோல்ட் அடாப்டரோடு விற்கும் விளக்குச் சரங்களுக்கு ஒரு சிறு திருத்தம் செய்தாலே போதும். அடாப்டரைக் கேரவனுக்குள்ளேயே உலர்ந்த சாக்கெட்டில் வைத்துவிட்டு, அதிலிருந்து வரும் மெல்லிய குறைமின்னழுத்த ஒயரை மட்டும் வெளியே விடுங்கள்.

கையில் தூக்கிச் செல்லும் லித்தியம் பவர் ஸ்டேஷன்கள் இதே வகையைச் சேர்ந்தவை. 500 வாட்-மணி கொண்ட ஒன்று 40 வாட் டிவியைப் பத்து மணி நேரம் ஓட்டும். பகலில் கேரவனுக்குள் சார்ஜ் செய்து மாலையில் ஆனிங் மேசைமேல் வைத்துவிட்டால், குறுக்கே ஒரு ஒயர்கூட இல்லை. விலைதான் அதிகம், சில நூறு பவுண்டுகள். சிறியவற்றால் ரைஸ் குக்கரை ஓட்ட முடியாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. கோடைக்கால விடுமுறைக்கு மட்டும் போகும் குடும்பம், விளக்கும் சார்ஜரும் போதும் என்றால், என் பரிந்துரை இந்த வழிதான். மேற்கொண்டு படிப்பது சமைக்கவும் சூடேற்றவும் மெயின்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு.

கேரவனின் வெளிப்புறச் சாக்கெட்

அண்மைக்காலத்தில் வந்த பிரிட்டிஷ் கேரவன்கள் பலவற்றில், வாசல் இருக்கும் பக்கத்தின் வெளிச்சுவரில் ஒரு சிறு மூடி இருக்கும். திறந்தால் வீட்டில் இருப்பது போன்ற மும்முனைச் சாக்கெட். பல சமயம் பக்கத்திலேயே டிவி ஆன்டெனாவுக்கான துளையும் இருக்கும். ஆனிங்கைக் கட்டியபின் இந்தச் சாக்கெட் ஆனிங்குக்குள் வந்துவிடும். ஒயர் ஜன்னலையோ கதவையோ தொடுவதில்லை. தரையிலிருந்து உயரத்தில், மழைக்கு மறைவில், மூட்டு ஒன்றுதான். கேரவனின் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடியும் எம்சிபியும் இதற்கும் காவல்.

அந்த 30 மில்லிஆம்பியர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று ஆர்சிடி பார்த்துக்கொண்டே இருக்கிறது. நனைந்த ரீல் வழியாகவோ ஒருவரின் உடல் வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். 30 மில்லிஆம்பியரில் 0.3 விநாடிக்குள்ளும், 150 மில்லிஆம்பியரில் 0.04 விநாடிக்குள்ளும் அது துண்டித்தாக வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டால் அதற்குத் தெரியாது. உடல் அப்போது வெறும் ஒரு மின்கருவியைப் போலத்தான் தோன்றும். எனவே ஆர்சிடி இருக்கிறது என்ற தைரியத்தில் பிய்ந்த ஒயரைப் பயன்படுத்தக் கூடாது.

இந்த வழியில் குறைகள் இல்லாமல் இல்லை. சில மூடிகள், ஒயர் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கைச் செருகினால் மூடுவதில்லை. ஒயர் கீழ்ப்பக்கமாக வெளியேறும் தட்டையான பிளக் வேண்டும். மூடி மூடியபின் அதன் அடியில் இருக்கும் பள்ளத்தின் வழியாக ஒயர் இறங்க வேண்டும். மூடாத மூடியோடு ஒரு வாரம் ஓட்டுவது இந்தச் சாக்கெட்டின் பயனையே கெடுத்துவிடும். இன்னொன்று, ஆனிங்கில் ஏதாவது பழுதானால் கேரவன் முழுவதற்கும் மின்சாரம் போகும். காவல் இரண்டுக்கும் பொதுவாயிற்றே.

உங்கள் கேரவனில் இது இல்லையென்றால் புதிதாகப் பொருத்தலாம். பொருளின் விலை சில பத்து பவுண்டுகள்தான், செலவெல்லாம் கூலியில். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேரவனின் சுவர் வெளித்தகடு, காப்புநுரை, உள்பலகை என்று ஒட்டிய அடுக்குகளால் ஆனது. அதில் ஒரு சதுரத்தை வெட்டி, சீலன்ட் சரியாகப் போடாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். வெளியே தெரிவதற்குள் இரண்டு குளிர்காலங்கள் போயிருக்கும். கேரவன்களைக் கொல்வது பெரும்பாலும் இந்த ஈரம்தான். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியென்றால் வெட்டுவதற்கு முன் உற்பத்தியாளரிடம் கேளுங்கள். தேசியக் கேரவன் கவுன்சிலும் இரண்டு பெரிய கேரவன் சங்கங்களும் சேர்ந்து அங்கீகரிக்கும் பணிமனைகள் பிரிட்டன் முழுவதும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆண்டுப் பராமரிப்புக்கு விடும்போதே இதையும் செய்யச் சொல்லி, மின்சோதனைச் சான்றும் வாங்கிக்கொள்வது நல்லது. கேரவனின் மின்னமைப்பை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது, அடிக்கடி பயன்படுத்தினால் ஆண்டுதோறும், சோதிக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் மின்னமைப்பு விதித்தொகுப்பான பிஎஸ் 7671 சொல்வது.

மின்தூணிலிருந்து தனியாக ஒரு பெட்டி

கூடாரக்காரர்கள் பயன்படுத்துவது இது. நீல பிளக் வைத்த நீண்ட கேபிள், அதன் முனையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி, ஒன்றிரண்டு எம்சிபிகள், மூடியிட்ட மும்முனைச் சாக்கெட்டுகள் இரண்டோ மூன்றோ. கேரவனுக்கும் இதற்கும் சேர்த்து மின்தூணில் ஒரே இடம்தான் இருக்கும் என்பதால் இடையில் ஓர் இருவழிப் பிரிப்பான் தேவை. அதுவும் நீல நிறத்தில் கிடைக்கிறது.

எங்கள் இரண்டாவது ஆண்டில் இதைத்தான் வைத்திருந்தோம். நல்ல பக்கம் என்னவென்றால், கேரவனில் எதையும் வெட்ட வேண்டாம். பழைய வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் பொருந்தும். கேரவனை விற்றாலும் பெட்டி நம்மிடமே இருக்கும். மூட்டுகளும் வெளிப்புறத்துக்கென்றே செய்தவை. அவற்றில் ஐபி44 என்று பொறித்திருக்கும். எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். குட்டைக்குள் கிடந்தால் தாங்கும் என்று பொருளில்லை. பிரிப்பானைப் புல்லில் போட்டுவிட்டுப் போனால் பள்ளத்தில் நீர் தேங்கும்போது அது மூழ்கும். ஒரு செங்கல்லின் மேலோ தூணின் கொக்கியிலோ நிறுத்தி வையுங்கள்.

சங்கடம் கேபிள் போகும் பாதையில் இருக்கிறது. பிரிட்டிஷ் கேரவன்களில் வாசலும் ஆனிங்கும் இடப்பக்கம், மின்சாரம் நுழையும் வாய் வழக்கமாக வலப்பக்கம். மின்தூணும் அந்தப் பக்கத்துக்கு வசதியாகவே அமைந்திருக்கும். ஆகவே இரண்டாவது கேபிள் கேரவனின் அடியிலோ சுற்றிக்கொண்டோ மறுபக்கம் வர வேண்டும். அடியில் கொண்டுபோனால் தாங்குகால்கள் அதன்மேல் இறங்காமல் பார்க்க வேண்டும். சுற்றிக்கொண்டு வந்தால் ஆனிங்கின் முளைக்கம்பிகளுக்கு நடுவே வரும். இருட்டில், காற்றில், தளர்ந்த கயிற்றை இறுக்க ஒருவர் சுத்தியலோடு வெளியே வருகிறார், முளை எங்கே இறங்கப் போகிறது என்று தெரியாது. தளத்தின் நிலத்தடிக் கேபிள்கள் குறைந்தது 0.6 மீட்டர் ஆழத்தில், முளையடிக்கும் இடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. நாம் தரையில் விரித்த கேபிளுக்கு அந்தக் காப்பு இல்லை. நல்ல கேபிளின் உறை கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது இதற்காகவும் புல்வெட்டும் இயந்திரத்துக்காகவும்தான்.

ஆனிங்கின் தரைவிரிப்புக்கு அடியில் கேபிளை ஒளித்து வைப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நாற்காலிக் கால் அதன்மேல் நின்று உறையைக் கிழித்தால் கடைசி நாள் விரிப்பைச் சுருட்டும்போதுதான் தெரியும். இப்போது சுவரோரமாக, கண்ணுக்குத் தெரியும்படி விடுகிறேன்.

தனி ஆர்சிடி இருப்பதால் ஆனிங்கில் கோளாறு வந்தாலும் கேரவன் ஓடிக்கொண்டே இருக்கும் என்று இந்தப் பெட்டிக்குப் பரிந்துரை சொல்வார்கள். எப்போதும் அப்படி நடக்காது. மின்தூணிலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி, பெட்டியிலும் அதே 30. கசிவு வந்தால் இரண்டில் எது முந்தும் என்று சொல்ல முடியாது. தூணில் இருப்பது விழுந்தால் கேரவனும் சேர்ந்தே போகும்.

பிரிப்பானைச் செருகும் முன் வார்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓர் இடத்துக்கு ஒரே இணைப்பு என்று விதி வைத்திருக்கும் தளங்கள் உண்டு. பெட்டிக்குப் பதிலாக, ஒரு முனையில் நீல பிளக்கும் மறுமுனையில் வீட்டுச் சாக்கெட்டும் வைத்த குட்டை அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஆர்சிடியும் இல்லை, எம்சிபியும் இல்லை, மழைக்கு மூடியும் இல்லை. அதைப் புல்வெளியில் பயன்படுத்துவதை எந்த நிலையிலும் என்னால் ஆதரிக்க முடியாது.

ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன்

மிகப் பலர் செய்வது இது, நான் தொடங்கியதும் இதில்தான். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், காவல் என்ற வகையில் இதற்கும் வெளிப்புறச் சாக்கெட்டுக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆர்சிடி, அதே எம்சிபி, பிளக்கில் அதே 13 ஆம்பியர் ஃபியூஸ். ஒயர் போகும் வழிதான் இதைக் கெடுக்கிறது.

கேரவன் ஜன்னல் அக்ரிலிக் பலகை. அதைப் பிடித்து இறுக்கும் கொக்கிகள் ஒயரின்மேல் அழுந்தி, உறையை நாளுக்கு நாள் நசுக்குகின்றன. ரப்பர் விளிம்பு மூடாததால் ஆனிங்குக்கு வெளியே இருக்கும் ஜன்னலென்றால் மழை உள்ளே வரும், ஒயரைப் பிடித்துக்கொண்டும் வரும். கதவு வழியாக விட்டால் குழந்தைகள் ஒரு நாளில் நூறு முறை அதை அடித்துச் சாத்துவார்கள். தரையில் இருக்கும் துளைகள் வழியாக விடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தத் துளைகள் எரிவாயு கசிந்தால் வெளியேறுவதற்காக வைத்தவை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அவற்றை எதனாலும் அடைக்கக் கூடாது.

ரீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பக்கவாட்டில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று முழுவதும் விரித்தபோது தாங்கும் வாட், மற்றது சுருட்டிய நிலையில் தாங்குவது. இரண்டாவது முதலாவதில் பாதிகூட இருக்காது. மூன்று மீட்டர் தேவைக்கு 25 மீட்டர் ரீலைக் கொண்டுபோய், மீதியைச் சுருளிலேயே விட்டு ஹீட்டரைப் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி நடுச்சுருள் உருகத் தொடங்கும். எம்சிபிக்கு அது தெரியாது, அதன் கணக்கில் மின்னோட்டம் அளவுக்குள்தான் இருக்கிறது.

ஓர் இரவுக்கு வேறு வழியே இல்லை என்றால்: ஆனிங்குக்குள் இருக்கும் ஜன்னலையே பயன்படுத்துங்கள், ரீலை விடுத்து மூன்று மீட்டர் தடித்த ஒயரை எடுங்கள், சாக்கெட்டுக்குள் நுழையும் முன் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. சாக்கெட் மேசைமேல் இருக்கட்டும். தூங்கப் போகும் முன் பிடுங்கிவிடுங்கள்.

பண்ணைவீட்டுச் சாக்கெட்

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரிட்டனில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சங்கங்களின் சான்றோடு ஐந்து கேரவன்கள் வரை நிறுத்தும் சிறு இடங்கள் நாடெங்கும் இருக்கின்றன, பெரும்பாலும் பண்ணைகளில். அமைதியான இடங்கள், எனக்கு மிகவும் பிடித்தவை. எல்லாவற்றிலும் மின்தூண் இருக்காது. அப்போது அன்பான பண்ணைக்காரர் ஒருவர், என் சமையலறையிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளுங்களேன் என்பார்.

பிரிட்டனின் பல வீடுகளுக்கு நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாகத்தான் தெருவிலிருந்து வருகின்றன. அந்த ஒரு கம்பி எங்காவது அறுந்துவிட்டால் எர்த் முனையே மின்னேறிவிடும். வீட்டுக்குள் நிற்பவருக்குச் சுற்றியிருக்கும் உலோகமெல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அபாயம் குறைவு. வெளியே கேரவனின் உலோக உடலோ குக்கரின் உலோக வெளிப்புறமோ அந்த எர்த்தோடு இணைந்திருக்கிறது. தொடுகிறவர் நிற்பதோ ஈர மண்ணில். எர்த் கம்பி மின்னேறியிருப்பது ஆர்சிடியின் கணக்கில் வருவதே இல்லை. 2002ஆம் ஆண்டின் மின்விநியோகப் பாதுகாப்பு விதிகள், இப்படி இணைந்த எர்த்தைக் கேரவனின் உலோகப் பகுதிகளோடு சேர்ப்பதைத் தடை செய்திருப்பது இதனால்தான். முகாம்தளங்களில் தனியாக எர்த் கம்பி மண்ணில் அடித்து, அதோடு இணைக்கிறார்கள். பண்ணைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு 12 வோல்ட்டில் சமாளியுங்கள்.

நான் இப்போது செய்வது

மூன்று ஆண்டுகளாக எங்களிடம் வெளிப்புறச் சாக்கெட் இருக்கிறது. விளக்கெல்லாம் 12 வோல்ட். மெயின்ஸில் ஓடுவது ரைஸ் குக்கரும், எப்போதாவது ஒரு மிக்ஸியும். மடக்கு மேசையின் காலில், முழங்கால் உயரத்தில், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு சாக்கெட்டுகள். குக்கர் ஓடும் அரை மணி நேரம் வெந்நீர்ச் சூடாக்கியை அணைத்துவிடுகிறோம்.

ஹீட்டரை மட்டும் கைவிட்டுவிட்டோம். 2000 வாட் விசிறி ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் தின்கிறது, ஒற்றைத் துணிச்சுவர் அந்த வெப்பத்தை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது, காற்றில் துணி அசைந்து ஹீட்டரின் வாயில் படுகிறது. குளிர்ந்தால் உள்ளே போய்விடுகிறோம். மின்சாரம் போதவில்லை என்று எரிவாயு ஹீட்டரையோ அணைந்த கரியடுப்பையோ ஆனிங்குக்குள் கொண்டுவருவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனையில்லை, அது பிரிட்டிஷ் முகாம்தளங்களில் உயிர்களைக் குடித்திருக்கிறது.

பிரதான கேபிள் 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. அதில் 16 ஆம்பியர் ஓடினால் வழியில் ஏழெட்டு வோல்ட் குறையும், பரவாயில்லை. எட்டவில்லை என்று இன்னொரு கேபிளைக் கோப்பதில்லை. கேரவனை நகர்த்துகிறோம், அல்லது வேறு இடம் கேட்கிறோம். மிச்சக் கேபிளைக் கேரவனின் அடியில் தளர்ந்த வளையங்களாகப் பரப்பி விடுகிறேன்.

போய்ச் சேர்ந்ததும் வரிசை இது: எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு, கேபிளை முதலில் கேரவனில் செருகுகிறேன், பிறகுதான் மின்தூணில். பல தூண்களில் பிளக்கைச் செருகி வலப்பக்கம் திருப்பினால்தான் மின்சாரம் வரும். உள்ளே வந்து ஆர்சிடியின் சோதனைப் பொத்தானை அழுத்துகிறேன். நெம்பு சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பயணத்தில் மெயின்ஸ் இல்லை. பிறகு மூன்று விளக்குகள் உள்ள சிறிய சோதனைப் பிளக்கைச் செருகி, பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அப்படி மாறியிருப்பது சகஜம். அங்கே சுவிட்சை அணைத்தாலும் கருவிக்குள் மின்சாரம் நிற்கலாம், ஆகவே பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

கிளம்பும் நாளில் வரிசை தலைகீழ். தூணின் விடுவிப்புப் பொத்தானை அழுத்தி அங்கே முதலில் கழற்றுகிறேன், கேரவன் பக்கம் கடைசியில். பிறகு ஈரத் துணியால் கேபிளை முழு நீளத்துக்கும் துடைத்துக்கொண்டே சுருட்டுகிறேன். இருபத்தைந்து மீட்டரும் விரல்களுக்கு இடையே ஓடும்போது, கண்ணுக்குத் தப்பிய ஒரு கீறல் இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். சென்ற ஆண்டு செப்டம்பரில் அப்படி ஒன்று தட்டுப்பட்டது, நடுவில், நகத்தின் அகலம்தான். டேப் சுற்றி ஓட்டவில்லை, புதிய கேபிள் வாங்கிவிட்டோம்.